ஈரோட்டு வணிகரும் சேலத்து வக்கீலும்

பெருந்துறையிலிருந்து ஈரோட்டுக்குப் பேருந்தேறுவோர் பெரும்பாலும் சந்தைக்கும் துணிக்கடைக்குமே செல்வர். அந்நகரில் பெரியார்-அண்ணா நினைவகம் என்று ஒரு வீடு உண்டு. சீராக ஓடிக்கொண்டிருந்த ஒரு செல்வரின் வாழ்க்கை, நட்பினால் தலைகீழான கதை அவ்வீட்டாருக்கு உரியது. கேட்டால் சிரிப்பு வரும். சற்று நின்று நினைத்தால் நம் குடும்பங்களுக்கும் அதில் பாடம் உண்டு என்பது விளங்கும்.

1879-இல் பிறந்த ஈ. வெ. ராமசாமி, ஈரோட்டின் பெருவணிகக் குடும்பத்தவர். மண்டி, நிலபுலன், நகராட்சித் தலைவர் பதவி என யாவும் ஒழுங்காக அமைந்திருந்த வாழ்வு அவருடையது. அவருக்குச் சில மாதங்கள் மூத்தவரான ராஜாஜி, ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழிலில் பேரும் பொருளும் ஈட்டியவர். சேலம் நகராட்சித் தலைவராகவும் விளங்கியவர். ஒருவர் சட்டம் பயின்றவர்; மற்றவர் பள்ளியில் சில ஆண்டுகளே இருந்தவர். ஒருவர் கீதையில் தோய்ந்த வைணவ அந்தணர். மற்றவர் இளமையிலேயே, வீட்டுக்கு வந்த பாகவதர்களைக் கேள்விகளால் திணறடித்தவர். ஒருவர் சொல்லை நிறுத்துப் பேசுபவர். மற்றவர் மனத்தில் பட்டதை அப்படியே கொட்டிவிடுபவர். இவ்விருவருக்கும் நட்பு உண்டாகும் என எந்தச் சோதிடர் சொல்லியிருப்பார்?

ஆயினும் உண்டாயிற்று. ராஜாஜி முதலிய நண்பர்களின் தூண்டுதலால், 1919-இல் ராமசாமி காங்கிரசில் சேர்ந்தார். அத்துடன் வீட்டின் ஒழுங்கு குலைந்தது. தாம் வகித்த 29 பொறுப்புகளை அவர் துறந்ததாகக் கூறுவர். பட்டு உடுத்திய குடும்பத்தில் கதர் நுழைந்தது. முதிய தாயாரும் அதற்குத் தப்பவில்லை. மண்டி முதலாளி கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். 1921-இல் கள் எதிர்ப்பு வந்தபோது, சேலத்தை அடுத்த தாதம்பட்டித் தோப்பில் தமக்குச் சொந்தமான ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். தென்னம்பிள்ளையைத் தம் பிள்ளைபோல் வளர்க்கும் கொங்கு நாட்டார் இதைக் கேட்டு வாயடைத்துப் போயிருப்பர் அன்றோ! அவர் சிறை சென்றதும் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன் நின்றனர். மறியலை நிறுத்துவது ஈரோட்டுப் பெண்கள் இருவர் கையில்தான் உள்ளது என்று காந்தியடிகளே கூறும்படி ஆயிற்று.

1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே ராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமத்தைத் திறந்து வைத்தவரும் இவரே. ஆனால் அதே ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாமையால் காங்கிரசை விட்டே வெளியேறினார். அதன்பின் இருவரும் எதிரெதிர் அணிகளில் நின்றனர். 1938-இல் ராஜாஜி அரசின் கட்டாய இந்தியை எதிர்த்துப் பெரியார் சிறை சென்றார். 1953-இல் ராஜாஜியின் புதிய கல்வித் திட்டத்தைக் கடுமையாகச் சாடினார்.

இத்தனைக்கும் நடுவே 1949 மே மாதத்தில் திருவண்ணாமலையில் ஒரு சந்திப்பு நிகழ்ந்தது. அப்போது ராஜாஜி இந்தியாவின் தலைமை ஆளுநர். இரு முதியவரும் தனியே பேசினர். பேசியது என்ன என்று அறியாமல் தொண்டர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டனர். அவ்வாண்டு ஜூலையில் பெரியார் மணியம்மையாரை மணந்தார். செப்டம்பர் 17 அன்று அண்ணா பிரிந்து புதிய கழகம் கண்டார். வேடிக்கை அத்துடன் முடியவில்லை. 1967 தேர்தலில், பெரியாரை விட்டுப் பிரிந்தவர்களோடு ராஜாஜி கூட்டுச் சேர்ந்தார்; ராஜாஜி விட்டு விலகிய காங்கிரசுக்குப் பெரியார் வாக்குக் கேட்டார். நண்பர்கள் வீடு மாற்றிக்கொண்டது போலிருந்தது!

1972 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு விழா நாளன்று ராஜாஜி மறைந்தார். தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து, யாவரும் காணக் கண்ணீர் வடித்தார். சரியாக ஓராண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, 1973 டிசம்பர் 24 அன்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவரும் கண்மூடினார்.

இவர்களுள் எவர் கருத்து சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமன்று. கடவுளை மறுத்தவரின் கொள்கையை நாம் ஏற்பவரும் அல்லோம். ஆனால் ஒன்று நம் உள்ளத்தைத் தைக்கிறது. இருவரும் கொள்கையில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை, நட்பையும் விட்டுவிடவில்லை. நம் ஊர்களிலோ, தேர்தலில் யாருக்கு வாக்களித்தான் என்பதற்காகவே அண்ணன் வீட்டுக் கலியாணத்துக்குத் தம்பி செல்வதில்லை. வாய்க்கால் தகராறு பேரன் காலத்துக்கும் நீள்கிறது. இழவு விழுந்த வீட்டிலும் முகத்தைத் திருப்பிக்கொள்வோரை நாம் கண்டிருக்கிறோம்.

வாசக அன்பர்களே! பேச்சு நின்றுபோன வீடு ஒன்று உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும். அதற்காக நீங்கள் தோப்பை வெட்ட வேண்டியதில்லை. உங்கள் தென்னையில் காய்த்த நான்கு தேங்காய்களை எடுத்துக்கொண்டு, வருகிற ஞாயிறு மாலை அவ்வீட்டுக்கு ஒருமுறை சென்று வாருங்கள்.