இரவைப் பகலாக்கிய பந்தாட்டம்

அந்தி சாயும் நேரத்தில் பந்து விளையாடியிருக்கிறீர்களா? மரம் தெரியும், எதிரில் நிற்கும் நண்பனும் தெரிவான். ஆனால் வேகமாக வரும் பந்து மட்டும் கண்ணுக்குத் தப்பிவிடும். அசையாத பொருளை மங்கிய ஒளியிலும் கண் நிதானமாகப் பார்த்துவிடும். விரையும் பொருளைக் காண அதிக ஒளி வேண்டும். பேஸ்பால் ஆட்டத்தை இரவில் ஆட விரும்பிய அமெரிக்கர்கள் இந்தச் சிக்கலோடுதான் போராடினார்கள்.

1880 செப்டம்பர் 2. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நான்டாஸ்கெட் கடற்கரை. மூன்று கோபுரங்களில் 36 விளக்குகள் எரிந்தன. பாஸ்டன் நகரின் இரு பெரிய கடைகளின் ஊழியர்கள் மோதினார்கள். ஆட்டம் 16-16 எனச் சமமாக முடிந்தது. உண்மையில், ஒரு மின்விளக்குக் கம்பெனி தன் விளக்குகளின் திறமையைக் காட்ட நடத்திய காட்சி அது! ஆனால் பந்து சரியாகத் தெரியாமல் வீரர்கள் பல தவறுகள் செய்தார்கள்.

காரணம் என்ன? அவை வில் விளக்குகள். இரண்டு கரித்துண்டுகளின் இடைவெளியில் மின்சாரம் பாயும்போது கண்ணைக் கூசும் ஒளி பிறக்கும். கரி எரிந்து தேயத் தேய, ஒளி நடுங்கும். மேலும், விளக்கிலிருந்து தூரம் இரு மடங்கானால், விழும் ஒளி கால் பங்காகிவிடும். பேஸ்பாலில் பந்தை எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே சுமார் 18 மீட்டர்தான். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அதை அரை விநாடிக்குள் கடந்துவிடும். நடுங்கும் ஒளியில் அதை எப்படி அடிப்பது?

டங்ஸ்டன் இழை விளக்குகள் வந்தபின் நிலைமை மாறியது. 1930இல் பொருளாதார வீழ்ச்சியால் மக்கள் வாடினார்கள். பகலெல்லாம் உழைப்பவர்களால் பகல் ஆட்டத்தைப் பார்க்க முடியுமா? கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் குழுவின் உரிமையாளர் வில்கின்சன் ஒரு வழி கண்டார். விளக்குக் கம்பங்களையும் மின்னாக்கியையும் லாரிகளில் ஏற்றி ஊர் ஊராகச் சென்றார். மின்னாக்கி பேரிரைச்சல் போட்டது; உயரே அடித்த பந்து விளக்குகளுக்கு மேலே இருளில் மறைந்தது. ஆயினும் ஆட்டம் நடந்தது! அக்குழுவின் வீரர்கள் கறுப்பின மக்கள். நிறத்தைக் காட்டிப் பெரிய லீக்குகள் அவர்களைச் சேர்க்க மறுத்திருந்த காலம் அது.

அந்தப் பெரிய லீக்குகளுக்கு இரவு ஆட்டம் வர மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின. 1935 மே 24 அன்று வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் விசையை அழுத்த, சின்சினாட்டியின் கிராஸ்லி மைதானத்தில் 600க்கும் மேற்பட்ட விளக்குகள் ஒளிர்ந்தன. 20,000க்கும் அதிகமானோர் கூடிய அந்த ஆட்டத்தில் சின்சினாட்டி 2-1 என வென்றது.

ஏன் பல கோபுரங்கள்? நீங்களே கண்டறியலாம். இருட்டறையில் ஒரு டார்ச்சை எரியவிட்டு, அதன்முன் பந்தைப் பிடியுங்கள். பந்தின் ஒரு பாதி இருண்டிருக்கும். சுவரில் கரிய நிழல் விழும். இப்போது மறுபுறமிருந்து இன்னொரு டார்ச்சைக் காட்டுங்கள். பந்து முழுவதும் தெரிகிறதல்லவா?