கடவுச்சொற்களுக்கு ஒரு பெட்டகம்: எதைத் தெரிவு செய்வது?

எமது வர்த்தகர்களின் சாவிக்கொத்தைப் பார்த்தால் கடைக் கதவு, களஞ்சியம், லாச்சி, இரும்புப் பெட்டி, வீட்டு கேட் என ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சாவிகள் இருக்கும். எல்லாப் பூட்டுகளையும் ஒரே சாவியால் திறக்கும்படி செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் எந்த வியாபாரியும் இணங்க மாட்டார். ஆனால் அதே வியாபாரி மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, பேஸ்புக் பக்கம், வரி இணையத்தளம் அனைத்துக்கும் மகனின் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து ஒரே கடவுச்சொல்லை வைத்திருப்பார்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் எமது தொழிலின் பெரும்பகுதி இந்தச் சாவிகளுக்குள் போய்விட்டது. இறைவரித் திணைக்களத்துக்கான விபரத்திரட்டு, கம்பனிப் பதிவு, வங்கிப் பணப் பரிமாற்றம், வெளிநாட்டிலிருந்து சரக்கு எடுக்கும் கணக்குகள், விமான டிக்கட், மின்சார, தொலைபேசிக் கட்டணங்கள் என்று பட்டியல் நீள்கிறது. எனக்கு மட்டும் எத்தனை இருக்கின்றன என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். 74 இருந்தன. இத்தனையையும் மனதில் வைத்திருக்க எவராலும் முடியாது. எனவேதான் 'பாஸ்வேர்ட் மெனேஜர்' எனப்படும் கடவுச்சொல் பெட்டகம் பற்றி இந்த வாரம் எழுதலாம் என்று நினைத்தேன்.

ஒரே சாவியின் ஆபத்து

"எனது கணக்கை உடைத்து எவனுக்கு என்ன இலாபம்?" என்று பலர் கேட்கிறார்கள். உங்களைத் தெரிந்த ஒருவர்தான் உங்கள் கணக்கை உடைக்க வேண்டும் என்பதில்லை. 2012ஆம் ஆண்டு லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட தரவுகளில் 10 கோடிக்கும் அதிகமானோரின் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் அடங்கியிருந்த விடயம் 2016இல் வெளியானது. 2013இல் யாஹூவில் நடந்த திருட்டில் அந்நிறுவனத்தின் 300 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டன. இவ்வாறு திருடப்படும் பட்டியல்கள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வாங்குபவர்கள் அதே மின்னஞ்சல், அதே கடவுச்சொல்லை வேறு நூற்றுக்கணக்கான தளங்களில் கணனி மூலம் தானாகவே போட்டுப் பார்க்கிறார்கள். எங்கோ மறந்துபோன ஒரு தளத்தில் திருடப்பட்ட சாவி உங்கள் மின்னஞ்சலையும் திறந்துவிடுகிறது.

புறக்கோட்டையில் துணி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவருக்கு நடந்தது இதுதான். அவரது மின்னஞ்சலுக்குள் புகுந்தவன் எதையும் அழிக்கவில்லை. பல வாரங்களாகக் கடிதங்களை வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறான். சரக்கு அனுப்புபவரிடமிருந்து இன்வொய்ஸ் வரும் நேரம் பார்த்து, வங்கிக் கணக்கு இலக்கத்தை மட்டும் மாற்றி இன்னொரு இன்வொய்ஸை அனுப்பினான். பணம் போனது. சரக்கு வரவில்லை. சரக்குக்காரரோ தமக்குப் பணம் கிடைக்கவில்லை என்கிறார். இருபது வருட நம்பிக்கை ஒரே மாதத்தில் கசந்து போனது. இந்த வகை மோசடியினால் 2023இல் மாத்திரம் 2.9 பில்லியன் டொலர் இழப்பு ஏற்பட்டதாக அமெரிக்காவின் எப்.பி.ஐ.க்கு முறைப்பாடுகள் கிடைத்திருந்தன.

பெட்டகம் என்ன செய்கிறது?

இது ஒரு மென்பொருள். ஒவ்வொரு தளத்துக்கும் யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட கடவுச்சொல்லை அதுவே உருவாக்கி, பூட்டி வைத்து, தேவையான நேரத்தில் உரிய இடத்தில் நிரப்பிவிடும். நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டியது பெட்டகத்தைத் திறக்கும் பிரதான கடவுச்சொல் ஒன்றை மட்டுமே. நல்ல பெட்டகங்களில் உங்கள் தரவுகள் உங்கள் தொலைபேசியிலேயே குறியாக்கம் செய்யப்பட்ட பின்னர்தான் நிறுவனத்தின் சேர்வருக்குச் செல்கின்றன. பிரதான கடவுச்சொல் நிறுவனத்துக்கே தெரியாது.

இன்னொரு பயனும் உண்டு. "உங்கள் பொதி தபாலில் தங்கியுள்ளது", "உங்கள் வங்கிக் கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது" என்று குறுஞ்செய்தியில் வரும் போலி இணைப்புகள் அசல் தளத்தைப் போலவே தோன்றும். எமது கண் ஏமாறும். பெட்டகம் தளத்தின் முகவரியைப் பார்த்தே நிரப்புவதால், முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பேசாமல் இருந்துவிடும். வழமையாக நிரப்புவது திடீரென நிரப்பவில்லை என்றால் கையால் தட்ட அவசரப்படாமல் முகவரியைப் பாருங்கள்.

எவை எவை இருக்கின்றன?

முதலாவது, கூகுள், அப்பிள் நிறுவனங்கள் தொலைபேசியுடனேயே தருவது. செலவில்லை, புதிதாகப் படிக்க எதுவுமில்லை. அப்பிள் 2024ஆம் ஆண்டு இதைத் தனியான செயலியாகவும் வெளியிட்டது. ஒரே வகைத் தொலைபேசியை மட்டும் பயன்படுத்தும் ஒருவருக்கு இது போதுமானது. ஆனால் கடைக் கணனியில் பலர் உட்கார்ந்து எழும்பும் இடத்தில் குரோமில் கடவுச்சொற்களைச் சேமிப்பது, சாவிக்கொத்தை மேசையில் தொங்கவிடுவதற்குச் சமம். அமரும் எவரும் உங்கள் கணக்குக்குள் நுழையலாம்.

இரண்டாவது, பிட்வோர்டன். 2016இல் ஆரம்பமானது. இதன் நிரல் எல்லோரும் பார்த்துப் பரிசோதிக்கக்கூடியவாறு திறந்து வைக்கப்பட்டுள்ளது. இலவசப் பதிப்பிலேயே எத்தனை கடவுச்சொற்களையும் எத்தனை கருவிகளிலும் வைத்துக்கொள்ளலாம். அன்ட்ரொயிட் தொலைபேசி, மகளின் ஐபோன், கடைக் கணனி எனப் பலவும் கலந்திருக்கும் எமது வீடுகளுக்கு இது பொருந்தும். நான் பயன்படுத்துவதும் இதையே.

மூன்றாவது, கனடா நிறுவனமொன்றின் 1பாஸ்வேர்ட். இதற்கு இலவசப் பதிப்பு இல்லை, சந்தா கட்ட வேண்டும். பிரதான கடவுச்சொல்லுடன் உங்கள் கருவியில் மட்டும் இருக்கும் இன்னொரு இரகசியச் சாவியும் சேர்ந்தாலே பெட்டகம் திறக்கும் என்பதால், சேர்வரில் இருப்பதை மட்டும் திருடியவனுக்கு வேலை மிகக் கடினம். பயன்படுத்த இலகு. டொலரில் சந்தா கட்டுவது பாரமில்லை என்பவர்கள் யோசிக்கலாம்.

நான்காவது, 2003 முதல் இருந்துவரும் கீபாஸ். இலவசம். எல்லாம் ஒரே கோப்பில் உங்கள் கணனியிலேயே இருக்கும், எந்த நிறுவனத்தின் சேர்வருக்கும் போகாது. பிறரிடம் ஒப்படைக்க மனமில்லாதவர்களுக்கு உகந்தது. ஆனால் அந்தக் கோப்பைப் பிரதியெடுத்துப் பாதுகாப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. கணனி பழுதடைந்து பிரதியும் இல்லையென்றால் அத்தோடு முடிந்தது.

லாஸ்ட்பாஸ் தரும் பாடம்

"அந்தப் பெட்டகத்தையே திருடினால்?" என்பது நியாயமான கேள்வி. அப்படியும் நடந்திருக்கிறது. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பிரபல நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளை எடுத்துச் சென்றனர். உள்ளே இருந்த கடவுச்சொற்கள் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. ஆனால் எந்தெந்தத் தளங்களில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம், பிரதான கடவுச்சொல்லே உண்மையான பூட்டு என்பதாகும். திருடன் பெட்டகத்தைத் தன் வீட்டுக்குத் தூக்கிச் சென்றுவிட்டால் ஆறுதலாக இருந்து ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கலாம். அதன் பிறகு நீங்கள் பிரதான கடவுச்சொல்லை மாற்றினாலும் அவனிடமுள்ள பிரதி பழைய சாவிக்கே திறக்கும். உள்ளே இருக்கும் கடவுச்சொற்கள் அனைத்தையும்தான் மாற்ற வேண்டும். ஆரம்பத்திலிருந்தே வலுவான பிரதான கடவுச்சொல்லை வைத்திருந்தவருக்கு அந்தப் பயம் மிகக் குறைவு.

வலுவானது என்றால் குழப்பமான குறியீடுகள் என்று பொருளல்ல. நீளமே முக்கியம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களைத் தெரிவு செய்யுங்கள். குடை, பனங்கட்டி, லொறி, மின்னல், ஏணி என்பது போல. தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் தட்டலாம். (அச்சில் வந்துவிட்ட இந்த ஐந்தையும் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம்.) பிள்ளைகளின் பெயர், கடையின் பெயர், தொலைபேசி இலக்கம் வேண்டாம். அதனை வேறெந்தத் தளத்திலும் பயன்படுத்தவும் வேண்டாம்.

பெட்டக நிறுவனமும் ஒரு நாள் கடையை மூடலாம். மைக்ரோசொப்ட் தனது ஓதென்டிகேட்டர் செயலியில் கடவுச்சொற்களைச் சேமிக்கும் வசதியை 2025 ஓகஸ்டில் நிறுத்திக்கொண்டது. எனவே எதைத் தெரிவு செய்தாலும், தரவுகளை வெளியே எடுத்து இன்னொன்றுக்கு மாற்ற அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவ்வாறு எடுக்கும் கோப்பு பெரும்பாலும் பூட்டில்லாமல் இருக்கும். வேலை முடிந்தவுடன் அழித்துவிட வேண்டும்.

குடும்பத்தினர் கையில் என்ன இருக்கும்?

தென் பகுதியில் மொத்த வியாபாரம் செய்த ஹாஜியார் ஒருவர் திடீரென வபாத்தானார். கொடுக்கல் வாங்கல் அனைத்தும் அவரது மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும்தான் இருந்தன. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. கடன்களைத் தீர்க்க அவர்கள் ஆவலாகத்தான் இருந்தார்கள், ஆனால் கணக்கைப் பார்க்க வழியில்லை. வர வேண்டியதைச் சொல்ல முன்வந்தவர்கள் சிலரே.

இந்த விடயத்தில் ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு சீ.ஆர். கொப்பிகூட, பூட்டிய அலுமாரியில் இருக்குமானால், எதுவும் இல்லாததைவிட மேல். பெட்டகம் வைத்திருப்பவர் பிரதான கடவுச்சொல்லை ஒரு தாளில் தெளிவாக எழுதி, தொலைபேசியின் பின் இலக்கத்தையும் குறித்து, உறையிலிட்டு ஒட்டி, காணி உறுதிகள் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அது அங்கே இருப்பதை மனைவியோ மூத்த பிள்ளையோ அறிந்திருக்க வேண்டும். 1பாஸ்வேர்ட் இதற்கென்றே அச்சிட்டு வைக்கக்கூடிய படிவமொன்றைத் தருகிறது. பிட்வோர்டனின் கட்டணப் பதிப்பில், நீங்கள் நியமிக்கும் ஒருவர் கோரிக்கை விடுத்து, நீங்கள் குறித்த நாட்களுக்குள் மறுக்காவிட்டால் பெட்டகம் அவருக்குத் திறக்கும் வசதி உண்டு.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முனைந்தால் களைத்துப்போய் விட்டுவிடுவீர்கள். முதல் நாள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மட்டும் மாற்றுங்கள். வேறு எந்தக் கணக்கின் கடவுச்சொல் மறந்தாலும் புதியது பெறும் வழி மின்னஞ்சலுக்கே வருவதால், அது எல்லாச் சாவிகளுக்கும் தாய்ச் சாவி. அடுத்து வங்கி, பின்னர் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும், அதன் பின் வரி, கம்பனிக் கணக்குகள். மற்றவற்றை அவற்றைத் திறக்கும் நாளில் மாற்றிக்கொள்ளலாம். மின்னஞ்சலுக்கும் பெட்டகத்துக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை அவசியம் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குத் தரப்படும் மீட்புக் குறியீட்டையும் அந்த உறைக்குள்ளேயே வையுங்கள்.

பெட்டகம் எல்லா நோய்க்கும் மருந்தல்ல. திருட்டுப் பிரதியாக வாங்கிப் போட்ட கணக்கு மென்பொருளோடு கடவுச்சொல் திருடும் நிரலும் கணனிக்குள் வந்திருந்தால், எந்தப் பெட்டகத்தையும் அந்தக் கணனியில் திறப்பது ஆபத்தானது. வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. இலக்கத்தை நீங்களே வாயால் சொன்னால் எந்தப் பூட்டும் உதவாது. சரக்குக்காரரின் வங்கிக் கணக்கு மாறியதாகக் கடிதம் வந்தால், ஏற்கனவே உங்களிடமுள்ள இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து அவரது குரலில் கேட்காமல் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்.

எது சிறந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். செலவில்லாமல் தொடங்க பிட்வோர்டன், அதுவும் சிரமம் என்றால் தொலைபேசியோடு வந்தது. இரண்டில் எதுவானாலும் ஒரே கடவுச்சொல்லை எங்கும் போடுவதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. இந்த வெள்ளிக்கிழமை பகலில் கடையை மூடும் நேரத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்கினால் மின்னஞ்சலும் வங்கியும் முடிந்துவிடும்.