பழைய கணினிக்குப் புதிய கிராஃபிக்ஸ் கார்டு: வாங்கும் முன் கணினியைத் திறந்து பாருங்கள்

‘இந்த லேப்டாப்புக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டுத் தர முடியுமா?’ கணினி பழுதுபார்க்கும் கடைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர் வீடியோ எடிட்டிங் பழகும் கல்லூரி மாணவராக இருக்கலாம். ஆசையாக வாங்கிய கேம் திணறுவதைப் பார்த்து வாடிப்போன பள்ளிப் பிள்ளையாகவும் இருக்கலாம். வீட்டு மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பைப் பார்க்கும்போதும் இதே ஆசை எழும். பெரும்பாலான லேப்டாப்களுக்கு முடியாது என்பதுதான் பதில். டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் முடியும். ஆனால், கார்டைத் தேர்ந்தெடுக்கும் முன் கணினி எதற்கு இடம்கொடுக்கும் என்று பார்க்க வேண்டும்.

லேப்டாப்பில் ஏன் முடியாது?

டெஸ்க்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு ஒரு தனிப் பலகை. மதர்போர்டில் உள்ள ஸ்லாட்டில் செருகித் திருகாணியை இறுக்கினால் உட்கார்ந்துவிடும். சாதாரண லேப்டாப்பில் அப்படியொரு பலகையே கிடையாது. படம் காட்டும் வேலையைப் பிராசசருக்குள் இருக்கும் ஒரு பகுதியே செய்கிறது. கேமிங் லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் சிப் உண்டு. ஆனால், அது நூற்றுக்கணக்கான நுண்ணிய சால்டர் உருண்டைகளால் மதர்போர்டோடு ஒட்டியிருக்கும். அதைப் பெயர்த்துவிட்டு வலுவான சிப்பை வைத்தாலும் பயனில்லை. பக்கத்தில் இருக்கும் மெமரி சிப்கள், மின்சாரம் தரும் சுற்று, பயாஸ், சூட்டை வெளியேற்றும் செம்புக் குழாய் எல்லாமே பழைய சிப்புக்கு அளவெடுத்துச் செய்தவை.

விதிவிலக்குகள் உண்டு. கழற்றி மாட்டக்கூடிய லேப்டாப் கார்டுகளுக்காக 2004இல் என்விடியா ‘எம்எக்ஸ்எம்’ என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. டெல் பிரிசிஷன், எச்பி இசட்புக் போன்ற விலை உயர்ந்த லேப்டாப்கள் சிலவற்றில் அது இருந்தது. ஆனால், லேப்டாப்கள் மெலிந்துகொண்டே போனபோது அதற்கான இடம் போய்விட்டது. இருந்த மாடல்களிலும் திருகாணித் துளைகள் பொருந்தாமலோ, பயாஸ் ஏற்காமலோ போனதுண்டு.

இது இயற்கை விதித்த தடை அல்ல. அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் தன் 16 அங்குல லேப்டாப்பின் பின்புறத்தில் கிராஃபிக்ஸ் பகுதியைக் கழற்றி மாட்டும்படி வடிவமைத்தது. முதலில் ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 7700எஸ் வந்தது. 2025இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 வந்தபோது, பழைய லேப்டாப் வைத்திருந்தவர்களும் அதை வாங்கி மாட்ட முடிந்தது. செய்ய மனமிருந்தால் செய்யலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

வெளியே வைக்கலாமா?

கார்டைத் தனிப் பெட்டியில் வைத்துக் கேபிள் வழியாக லேப்டாப்போடு இணைக்கலாம். அதற்குப் பொதுவாகத் தண்டர்போல்ட் 3 அல்லது அதற்குப் பிந்தைய போர்ட் வேண்டும். டைப்-சி போர்ட் எல்லாமே தண்டர்போல்ட் ஆகாது. பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா, மாடல் விவரத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 2015இல் வந்த தண்டர்போல்ட் 3 நொடிக்கு 40 ஜிகாபிட் வேகம் கொண்டது. கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 32. டெஸ்க்டாப்பின் முழு நீள பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ஸ்லாட் தருவதில் இது கால் பங்குதான். பெட்டி, பவர் சப்ளை, கார்டு என மூன்றுக்கும் பணம் போட வேண்டும் என்பதால், பழைய லேப்டாப்புக்கு இது கட்டுப்படியாகாது.

டெஸ்க்டாப்: நான்கு சோதனைகள்

ஸ்லாட்: 1997இல் இன்டெல் கொண்டுவந்த ஏஜிபி ஸ்லாட் மட்டும் இருந்தால், ஆசையை விட்டுவிடுங்கள், இன்றைய கார்டு எதுவும் அதில் பொருந்தாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் என்றால் புதிய கார்டும் பழைய ஸ்லாட்டில் பொதுவாக வேலை செய்யும், வேகம் மட்டும் சற்றுக் குறையும். ஆனால், ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி போன்றவை ஸ்லாட்டின் தரவுப் பாதைகளில் நான்கை மட்டுமே பயன்படுத்துபவை. பழைய ஸ்லாட்டில் அவை அதிகம் தடுமாறும்.

மின்சாரம்: ஸ்லாட் தரக்கூடியது 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்குக் கணினியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் போக வேண்டும்; 6 பின் வயர் 75 வாட், 8 பின் வயர் 150 வாட் தரும். அந்த வயர் இல்லாவிட்டால் ஜிடிஎக்ஸ் 1650 போல 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டே பாதுகாப்பானது. அதிலும் வயர் கேட்கும் மாடல்கள் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

இடம்: அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கப்படும் ஒல்லியான கணினிகளில் முழு உயரக் கார்டு நுழையாது. ‘லோ புரொஃபைல்’ என்று கேட்டு வாங்க வேண்டும். அவற்றின் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் தனி வடிவம் கொண்டது. சந்தையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. கேபினெட்டைத் திறந்து அளவுகோலால் நீளத்தையும் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

பயாஸ், டிரைவர், மானிட்டர்: பழைய பயாஸுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ வருவதற்கு முந்தைய மதர்போர்டில் புதிய கார்டைப் போட்டால் திரை இருண்டே கிடக்கலாம். ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ போன்றவை பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால், அந்தத் தலைமுறைகளுக்கான வழக்கமான டிரைவர் மேம்பாட்டை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திக்கொண்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். மானிட்டரில் நீல நிற விஜிஏ போர்ட் மட்டும் இருந்தால் மாற்றி ஒன்றும் வாங்க வேண்டியிருக்கும்.

பழைய கார்டு வாங்கும்போது இன்னொரு எச்சரிக்கை. மிகப் பழைய கார்டின் மென்பொருளைத் திருத்தி, 1050 டிஐ என்று காட்டி விற்கும் மோசடி நடக்கிறது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

லேப்டாப்காரர்களுக்கு வேறு வழி

பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. டிடிஆர்4 2400 ராம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 19.2 ஜிபி தரவு போகும். அதே போன்ற இன்னொன்றைச் சேர்த்தால் 38.4 ஜிபி. காலியாகக் கிடக்கும் இரண்டாவது ராம் ஸ்லாட்டை நிரப்பினாலே கேம் ஓடும் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது, விசிறியின் தூசியைத் துடைப்பது, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவது ஆகியவையும் செலவுக்கு ஏற்ற பலன் தருபவை.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப், பல வீடுகளில் முதல் கணினி. அத்தகைய பழைய இயந்திரங்களைக் கேமிங் கணினியாக்க முடியாது. ஆனால், ராமும் எஸ்எஸ்டியும் சேர்த்தால் தம்பி தங்கைகளின் படிப்புக்கு இன்னும் சில ஆண்டுகள் அவை உழைக்கும்.

அடுத்த லேப்டாப் வாங்கும்போது விலையைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: இதில் ராமைக் கழற்றி மாற்ற முடியுமா, எஸ்எஸ்டிக்கு இன்னொரு ஸ்லாட் இருக்கிறதா? கடைக்காரரால் சொல்ல முடியாவிட்டால், பின்மூடியைத் திறந்து காட்டும் வீடியோவைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த லேப்டாப்பை மேம்படுத்த முடியுமா, முடியாதா என்பது அன்றே முடிவாகிவிடுகிறது.