முட்டி வலியா? பஸ்ஸிலேயே கடற்கரைக்குப் போகலாம், வாங்க!

'நான் எங்கே வரப்போறேன்... நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்!'

உங்கள் அம்மாவோ மாமியாரோ சமீபகாலமாக இப்படிச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாரா? 'வயசாச்சு, ரெஸ்ட் எடுக்கட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பதிலுக்குப் பின்னால் இருப்பது முட்டி வலி மட்டும் இல்லை, பயம்! படியில் தடுக்கிவிடுமோ, ஏறுவதற்குள் பஸ் கிளம்பிவிடுமோ, வழியில் பாத்ரூம் வந்தால் என்ன செய்வது...

பயந்து வீட்டிலேயே உட்கார்ந்தால் தொடைத் தசை இளைக்கும். தசை இளைத்தால் நடை தள்ளாடும். நடை தள்ளாடினால் நிஜமாகவே விழுந்துவிடும் ஆபத்து அதிகமாகும். அதற்கு அப்புறம் பயம் இரண்டு மடங்கு!

இந்தச் சுழலை உடைக்கச் சுலபமான ஒரு வழி, வாரம் ஒரு தடவை கடற்கரை. காரில் ஏற்றி மணலில் இறக்கி விடுவதில் பிரயோஜனம் இல்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் போக வேண்டும். ஏறுவது, இறங்குவது, நடப்பது எல்லாமே உடற்பயிற்சிதானே!

சென்னைவாசிகளுக்குத் திருவான்மியூரை சிபாரிசு செய்யலாம். அகத்தியருக்கு சிவபெருமான் மருந்துகளைப் பற்றி உபதேசித்த தலம் என்பது ஐதீகம். சுவாமி பெயரே மருந்தீஸ்வரர்! நாமும் இந்தப் பயணத்தை மருந்து மாதிரியே அளவு கூட்டிக் கூட்டிக் கொடுக்கலாம்.

முதல் டோஸ்: பஸ்

திருவான்மியூர் பஸ் நிலையம் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் வாரம் கோயில் வரை மட்டும் நடங்கள். பிராகாரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். அது போதும்.

படிக்கட்டு உயரமான பஸ்ஸில் ஏறுவதுதான் முட்டிக்குப் பெரிய சோதனை. 2024 ஆகஸ்ட் மாதம் சென்னை மாநகரப் பேருந்துகளில் தாழ்தள பஸ்கள் சேர்க்கப்பட்டன. நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நமக்காகக் குனிந்து கொடுக்கும்! ஐந்து நிமிஷம் காத்திருந்தாலும் பரவாயில்லை, அந்த பஸ் வந்தால் அதில் ஏறுங்கள்.

இரண்டாவது டோஸ்: கடல்

அடுத்த வாரம் பஸ் நிலையத்திலிருந்து கடற்கரை வரை. சுமார் ஒரு கிலோ மீட்டர்தான். நடுவில் ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக் கொள்ளலாம். திரும்பும்போது ஆட்டோ பிடித்தால் தப்பே இல்லை!

மாலை நாலரை மணிக்கு மேல் போனால் நல்லது. நம்முடையது கிழக்குக் கடற்கரை. கடலைப் பார்த்து உட்கார்ந்தால் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும். பகல் வெயிலில் கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாகிவிடுவதால்தான், கடலிலிருந்து அந்தக் குளுகுளு காற்று வீசுகிறது.

மூன்றாவது டோஸ்: பறக்கும் ரயில்

கால் கொஞ்சம் பழகியதா? இப்போது ரயில். 1995-ல் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து சேப்பாக்கம் வரை ஓட ஆரம்பித்த பறக்கும் ரயில், 2004-ல் திருவான்மியூரைத் தொட்டது. 2007-ல் வேளச்சேரி வரை போனது. பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி, அடையாற்றைத் தாண்டிப் போகும் வழியே ஒரு வேடிக்கைதான்.

ஆனால், ஸ்டேஷன் உயரத்தில் இருக்கிறது. லிஃப்ட் ஓடுகிறதா என்று முதலில் விசாரியுங்கள். படிதான் வழி என்றால் ஒரு எளிய சூத்திரம்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். பையை நீங்கள் வாங்கிக் கொள்ளுங்கள். பைஃபோகல் கண்ணாடி போட்டவர்களுக்குக் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கும்போது படி மங்கலாகத் தெரியும். தலையை நன்றாகக் குனிந்து, மேல்பாதி வழியாகப் பார்த்து இறங்கச் சொல்லுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து கடற்கரை சுமார் 2 கிலோ மீட்டர். மெதுவாக நடந்தால் முக்கால் மணி நேரம். வாரத்துக்கு 150 நிமிஷ மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மாலையில் அதில் கால்வாசிக்கு மேல் முடிந்துவிட்டதே!

திரும்பும்போது ஒரு யுக்தி... பக்கத்திலேயே டைடல் பார்க் இருப்பதால் சாயங்காலம் ஆபீஸ் விடும் நேரத்தில் ரயிலில் கூட்டம் நெரியும். பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். அங்கேயே புறப்படும் பஸ் என்றால், உட்கார இடம் கிடைக்கும்!

சுகர் இருக்கிறதா? கவனம்!

இன்சுலின் போடுபவர்கள், சுகர் மாத்திரை சாப்பிடுபவர்கள் வெறும் வயிற்றோடு கிளம்பவே கூடாது. வழக்கத்தைவிட அதிகமாக நடக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் உடனே உட்கார வைத்து, 3 டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிஷத்தில் தெளியவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

மணலில் வெறுங்காலோடு நடக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நீண்ட நாள் சுகர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கிளிஞ்சல் கிழித்தாலும் தெரியாது. பின்பக்கம் வார் வைத்த செருப்பு அவசியம். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கழுவித் துடைத்து, காயம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

புறப்படும் முன்...

* இதய நோய், தலைச்சுற்றல், சமீபத்தில் ஆபரேஷன் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

* பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் கிளம்புவது பல பெண்களின் பழக்கம். தலைசுற்றலில் கொண்டு விடும். கிளம்புமுன் போய்விட்டு வந்து, வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்கள் நேரத்தை மாற்றிக் கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

* முட்டி வலிக்காரர்கள் புதைமணலில் ரொம்ப தூரம் நடக்க வேண்டாம். கரையோரச் சாலையில் நடந்துவிட்டு, மணலில் உட்காரலாம். உட்கார்ந்து எழச் சிரமம் என்றால் ஒரு மடக்கு நாற்காலி.

* அலையில் கால் நனைப்பதோடு சரி. கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கவே கூடாது.

* நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால் 'சரியாயிடும்' என்று நடையைத் தொடராதீர்கள். உடனே 108.

மற்றபடி, பஜ்ஜியைக் கண்டு சபலப்படாமல் ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கிக் கொடுங்கள். நாலைந்து வாரம் போகட்டும்... 'இந்த வாரம் எப்போ கிளம்பறோம்?' என்று அவரே கேட்டால், மருந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்!