ஊற்றுக்கும் ஓர் அளவு உண்டு

எங்கள் வடக்குத்துக்கு அருகில் நெய்வேலி நகரம் எழுந்ததே ஒரு தற்செயலால்தான், தெரியுமா சகோதரிகளே? 1935-ஆம் ஆண்டு வாக்கில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. "கிணறு கெட்டுப் போச்சு" என்று மூடிவிடாமல் அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். அதுதான் பழுப்பு நிலக்கரி! பின்னர் 620 ஏக்கர் நிலத்தையும் கொடுத்தார். 1957-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-இல் மின்சாரம் பிறந்தது.

எதிர்பாராத விபத்து ஒன்று எனக்கும் ஒன்றைத் தோண்டிக் காட்டியது.

அவருக்கு முதல் ஷிப்ட் என்றால் நான் நாலு மணிக்கே எழுந்துவிடுவேன். அவருக்கு, பிள்ளைகளுக்கு, மாமனார் மாமியாருக்கு என்று எல்லோருக்கும் பரிமாறிய பிறகு சட்டியில் மிஞ்சியதுதான் எனக்கு. பக்கத்து வீட்டில் "கொஞ்சம் வந்து முறுக்கு சுத்திக் குடேன்" என்றால் அதற்கும் ஓடுவேன். ஒருநாள் குடத்தைத் தூக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

"எலும்பு சேர்ந்துடும்மா. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்கணும், உங்களுக்கு 8-தான். அதுதான் உங்களைத் தள்ளிவிட்டிருக்கு" என்றார் டாக்டரம்மா.

எனக்கு மட்டுமா? 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை!

மாவுக்கட்டோடு உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன்: அவருக்குக் காபி போடத் தெரிகிறது, பிள்ளைகளுக்குக் குடம் பிடிக்கத் தெரிகிறது. அத்தை எனக்கு முதலில் சோறு போட்டு, "ஏம்மா, நீ சாப்பிட்டியான்னு இத்தனை நாளா நான் கேட்டதே இல்லியே" என்று கண் கலங்கினார். கேட்க நான் இடம் கொடுத்தேனா?

நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் நீர் அழுத்தத்தோடு இருக்கிறது. சுரங்கம் மூழ்காமலிருக்க இரவும் பகலும் இறைக்கிறார்கள். இறைக்க இறைக்க, தானாகப் பொங்கிய ஊற்றின் வேகமும் தணிந்துவிட்டது. பூமித்தாய்க்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்?

இப்போது எல்லோரோடும் சேர்ந்தே சாப்பிடுகிறேன். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கூடவே ஒரு நெல்லிக்காய். சாப்பாட்டோடு காபி, டீ கிடையாது. அவை இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். இரும்புச் சத்து மாத்திரை டாக்டர் சொன்னபடி. முறுக்குக்குக் கூப்பிட்டால், "இன்னிக்கு முடியாதுக்கா" என்று சிரித்தபடியே சொல்கிறேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை!

கொடுங்கள், சகோதரிகளே, ஆனால் உங்கள் தட்டையும் நிரப்பிக்கொண்டு கொடுங்கள். அதற்கு ஒரு எலும்பு முறியும்வரை காத்திருக்க வேண்டாம்.