சிவப்பு போட்டவனுக்கு என்ன ஆச்சு?

பே ஏரியாவில் இருக்கும் நம்ம ஆட்களுக்கு ஃப்ரீமான்ட் டெஸ்லா ஆலை பழகிய இடம். அதன் பழைய கதை பலருக்குத் தெரியாது. ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் இழுத்து மூடிய ஆலை அது. 1984-ல் டொயோட்டாவோடு கூட்டு சேர்ந்து 'நும்மி' என்ற பெயரில் திறந்தார்கள். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே.

டொயோட்டா கொண்டுவந்தவற்றில் ஒன்று, 'ஆண்டான்' கயிறு. கோளாறு தெரிந்தால் யாரும் இழுக்கலாம். பலகையில் விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார், சரியாகாவிட்டால் லைனே நிற்கும். முன்பெல்லாம் லைனை நிறுத்துவது பெருங்குற்றம். இங்கே இழுத்தவரைத் திட்டவில்லை, உதவிக்கு வந்தார்கள். கார்களின் தரம் ஏறியது. இதே முறையை ஜெனரல் மோட்டார்ஸ் தன் வான் நைஸ் ஆலையிலும் முயன்றது, எடுபடவில்லை. 1992-ல் அதுவும் மூடப்பட்டது.

நம்ம கயிறு, ஜிரா. இங்கிருந்து பார்த்தால் சென்னை டீமின் ஸ்டேட்டஸ் வாரம் முழுக்க பச்சை. ரிலீஸுக்கு முந்தின ராத்திரி திடீர்னு சிவப்பு! உடனே யாராவது ஹாஃப்ஸ்டீடின் 'அதிகார இடைவெளி' எண்களை எடுத்துவிடுவார்கள்: இந்தியா 77, அமெரிக்கா 40. "நம்ம பசங்க மேலிடத்துக்குப் பயப்படுவாங்க சார்."

எனக்கு இது பாதி உண்மையாகத்தான் படுகிறது. ஃப்ரீமான்ட்டில் ஆட்கள் மாறவில்லையே. போன தடவை சிவப்பு போட்ட பையனை மூன்று மேனேஜர்கள் காலில் உட்காரவைத்து, "ஏன், ஏன்" என்று ஒரு மணி நேரம் குடைந்தார்கள். அதில் இருவர் இங்கிருந்து பேசியவர்கள்.