ஸ்கோப் நார்மல், பிள்ளை நார்மல் இல்லை

தாராபுரத்துப் பக்கம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பள்ளிக்கோ, கம்பெனி பஸ் ஏறித் திருப்பூருக்கோ போய்வரும் பெண் சாப்பிட்டதும் வாந்தி எடுக்கிறாள். பிறகு சாப்பாட்டையே ஒதுக்குகிறாள். முதலில் தொக்கம் எடுக்கிறார்கள். அடுத்து அல்சர் மாத்திரை. அப்புறம் எண்டாஸ்கோப்பி. ‘ஒன்றுமில்லை’ என்று ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து அவளுக்குப் பெயர் திமிர் பிடித்தவள். உடம்பு பாதியாகி, மாதவிலக்கு நின்ற பிறகும் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போவதில்லை. வரன் தட்டிப்போகுமாம்!

இது உண்ணுதல் கோளாறு. பணக்கார வீட்டு வியாதி என்று படித்தவர்களே சொல்லும்போது எரிச்சல்தான் வருகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 3,274 குழந்தைகள், வளரிளம் பருவத்தினரில் 41 பேருக்கு இந்தக் கோளாறு இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மனம் சார்ந்த வாந்திதான். 1995இல் டெல்லி மருத்துவர்கள் பதிவுசெய்த ஐந்து இளம்பெண்களும் சாப்பிட மறுத்து, வாந்தி எடுத்து, மெலிந்தவர்கள். ஆனால், ஒல்லியாக இருந்தும் தன்னைக் குண்டாக நினைக்கிற, மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் அறிகுறி அவர்களிடம் இல்லை. “குண்டாயிடுவேன்னு பயமா?” என்று கேட்டு, “இல்லை” என்றதும் அனுப்பிவிடும் மருத்துவர் வேலையைப் பாதியில் விட்டவர்.

தாராபுரம் அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடும்போதே மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். இங்கே முடியாது என்றால், திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதி வாங்குங்கள். “அங்க போங்க” என்று வாயால் சொன்னால் நகராதீர்கள். பழைய ஸ்கோப் ரிப்போர்ட், மாத்திரை அட்டைகள், கடைசி மாதவிலக்குத் தேதி, முன்பிருந்த எடை, இப்போதைய எடை எல்லாம் கையில் இருக்கட்டும். ஈ.சி.ஜி.யும், ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். தொடர் வாந்தியில் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். மயங்கி விழுந்தால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

பல நாள் பட்டினி கிடந்தவளுக்கு ஒரே நாளில் வயிறு முட்ட ஊட்டாதீர்கள். தெம்பு வரட்டும் என்று கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் தளர்ந்துவிடலாம். எவ்வளவு, எந்த வேகத்தில் கொடுப்பது என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். பாசத்தால் செய்யப்படும் தவறு என்பதால்தான் மறுபடியும் சொல்கிறேன்: திணிக்காதீர்கள்.

வெளியே சொல்லக் கூச்சமென்றால் 14416ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சிகிச்சையை உரிமையாக்கியிருக்கிறது. அவள் நோய் விவரத்தைக் கம்பெனி சூப்பர்வைசரிடம் மருத்துவமனை சொல்லக் கூடாது என்கிறது 23ஆம் பிரிவு. 18 வயது நிறைந்தவள் தனக்காகப் பேச நம்பிக்கையான ஒருவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம்.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் வேலையை விட்டுவிட்டு வராதீர்கள். உரிய பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பணம் கட்டியிருந்தால், ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழைக் கொடுத்து, ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு ஊதியம் பெறலாம். சான்றிதழ் இல்லாத விடுப்புக்குக் காசு வராது.

மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தரவேண்டும் என்கிறது அதே மனநலச் சட்டத்தின் 21(4)ஆம் பிரிவு. தனியார் பாலிசியில் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மனு கொடுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.